எளாவூரில் பிரிக்காத மூட்டை

1

இந்த ஊரில் நவம்பர் பிறந்துவிட்டால், பெண் பார்க்க வருகிற மாதிரி நம் காரின் டிக்கியைப் பார்க்க வந்துவிடுவார்கள்.

நான் இருப்பது கனடாவின் வின்னிபெக்கில். உழவு இயந்திரங்களின் உதிரி பாகங்களை விற்கும் ஒரு கிடங்கில் வேலை. வாரத்தில் இரண்டு நாள், ஐம்பது அறுபது மைல் தள்ளியிருக்கும் ஊர்களுக்குப் பாகங்களைக் காரில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். நடுவில் மனித வாடையே கிடையாது. பனியில் கார் மாட்டிக்கொண்டால், யாராவது வந்து பார்ப்பதற்குள் ஆள் விறைத்துப்போவான். அதனால் குளிர்காலம் தொடங்குமுன் எங்கள் மேற்பார்வையாளர் வால்டர் அச்சடித்த ஒரு தாளோடு ஒவ்வொரு காராகத் திறந்து பார்ப்பார். மண்வாரி, மெழுகுவத்தி, தீப்பெட்டி, பனியை உருக்கிக் குடிக்க ஒரு தகர டப்பா, கம்பளிப் போர்வை. ஒன்று குறைந்தாலும் சாவி கைக்கு வராது. கெஞ்சினால் நடக்காது, தெரிந்தவர் சிபாரிசும் செல்லாது. முதல் வருஷம் இரண்டையும் முயன்று பார்த்தவன் நான்.

அந்த முதல் வருஷம் இன்னொரு கூத்தும் நடந்தது. நம் பக்கத்தில் கம்பளிப் போர்வையை இங்கிலீஷில் ‘ரக்’ என்போம் அல்லவா? கடையில் போய், காருக்கு ஒரு ரக் வேண்டும் என்றேன். கடைக்காரப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தரையில் விரிக்கிற விரிப்பு ஒன்றைச் சுருட்டிக் கொடுத்தாள். இந்த நாட்டில் ரக் என்றால் அதுவாம். குளிருக்கு இதைத்தான் போர்த்திக்கொள்வார்கள் போலிருக்கிறது என்று நானும் தோளில் சுமந்துகொண்டு வந்து சேர்ந்தேன். வால்டர் அதைப் பார்த்துவிட்டு, “பனிக்கு நடுவே விருந்து வைக்கப்போகிறாயா?” என்று கேட்டார். கிடங்கே சிரித்தது.

மறுநாள் வேறு வழியில்லாமல், ஊரிலிருந்து கொண்டுவந்து கட்டிலுக்கு அடியில் பெட்டியிலேயே வைத்திருந்த கம்பளியை எடுத்துக்கொண்டு போனேன். பழுப்பு நிறம், கறுப்புக் கரை, கையில் பட்டாலே அரிக்கும் முரட்டுக் கம்பளி. வால்டர் கையுறையைக் கழற்றிவிட்டுத் தடவிப் பார்த்தார். “இதுதான் போர்வை. நனைந்தாலும் காப்பாற்றும்” என்று சொல்லித் தாளில் டிக் போட்டார். ஆறு வருஷமாக அது வருஷா வருஷம் டிக் வாங்கிக்கொண்டிருக்கிறது.

இந்த வருஷம் சோதனையோடு ஒரு மணி நேரம் பாடமும் உண்டு என்றார்கள். குளிரில் மாட்டியவனைக் கண்டால் என்ன செய்ய வேண்டும் என்ற பாடம். பாடத்துக்கு ஒரு நோயாளி வேண்டும். “நீதான் எல்லாரிலும் ஒல்லி, வந்து படு” என்று வால்டர் என்னைச் சிமெண்டுத் தரையில் படுக்க வைத்தார். போர்வையும் என்னுடையதையே எடுத்துக்கொண்டார்.

வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். முதலில் ஈரத் துணியைக் கழற்றுங்கள். நனைந்த பருத்தி உடம்புச் சூட்டைக் குடித்துவிடும். மேலே போர்த்தினால் மட்டும் போதாது, கீழேயும் போடுங்கள். தரையும் சூட்டை இழுக்கும். தலையை மூடுங்கள். கம்பளி ஒன்றுதான் இருக்கிறது என்றால், திடமான ஆள் ஒருவர் அதற்குள்ளேயே புகுந்து கட்டிக்கொண்டு படுங்கள். பிறகு என் தலைமாட்டில் மண்டியிட்டு, எல்லாரையும் பார்த்து இதைச் சொன்னார்:

“நடுங்குகிற வரை பயமில்லை. உடம்பு போராடுகிறது என்று அர்த்தம். நடுக்கம் நின்றால்தான் பயம். சிலர் அப்போது புழுக்கமாக இருக்கிறது என்று சொல்லிப் போர்வையைத் தள்ளுவார்கள். குணமாகிவிட்டது என்று நினைத்து ஏமாந்துவிடாதீர்கள். அதுதான் கடைசி.”

பாடம் முடிந்தது. “எழுந்திரு, பிழைத்துவிட்டாய்” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். என்னால் எழுந்திருக்க முடியவில்லை. நான் நன்றாக நடிக்கிறேன் என்று ஒருவன் கை தட்டினான்.

2

அந்தக் கம்பளியின் கதையை நான் யாருக்கும் முழுதாகச் சொன்னதில்லை. ஊரில் இருக்கிறவர்களுக்காவது சொல்லித் தொலைக்கிறேன்.

எங்களுக்குத் திருவள்ளூர். அப்பா பெருமாள் கைங்கர்யத்தில் இருந்தவர். பாராயணத்துக்கு ஆள் போதாத சின்னக் கோயில்களிலிருந்து கூப்பிட்டால், நாலு நாள், ஐந்து நாள் போய் இருந்துவிட்டு வருவார். இப்படிப்பட்ட வீட்டில் துணிக்கு இரண்டே ஜாதி. துவைத்து, யார் கையும் படாமல் உயரக் கொடியில் உலர்ந்தது மடி. கை பட்டுவிட்டால் விழுப்பு. விழுப்புத் துணியோடு பெருமாள் காரியத்தைத் தொடக்கூடாது. கோடையில் இதில் சிரமமே இல்லை. ஐப்பசி கார்த்திகையில்தான் வம்பு. கொடியில் போட்டது மூன்று நாளானாலும் உலராது. அப்பா அதைப் பிழிந்து ஈரத்தோடேயே கட்டிக்கொண்டு நிற்பார்.

எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. எழுபதுகளின் ஆரம்பம். கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனி புதிதாக ஷெட் போட்டுக்கொண்டிருந்தது. அங்கே வருகிற போகிற ஆட்களைக் குறித்துக்கொள்ளும் டைம்கீப்பர் நான். டெரிலின் சட்டை, கிராப்பு, பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் ரகசியமாக ஆம்லெட். மடியும் ஆசாரமும் எனக்குப் பரிகாசம். அப்பா மடியோடு நடக்கும்போது வேண்டுமென்றே குறுக்கே போய், அவர் நெளிந்து ஒதுங்குவதைப் பார்த்துச் சிரித்தவன்தான்.

அந்தக் கார்த்திகையில் அப்பா ஆரம்பாக்கம் பக்கத்துக் கிராமத்துக் கோயில் ஒன்றுக்குப் போயிருந்தார். அவர் போன மறுநாள் புயல் மழை பிடித்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்த என்னிடம் அம்மா ஒரு மூட்டையைக் கொடுத்தாள். அப்பா மறந்துவிட்டுப் போன கம்பளி, ஆயில் துணியில் சுற்றி, கயிறு போட்டுக் கட்டியிருந்தது.

“நாளைக்கு வேலைக்குப் போறதுக்கு முன்னாடி இதை அப்பாகிட்ட சேர்த்துடு. அங்க ஒண்ணும் காயாது. மனுஷர் ஈரத்தோடயே நிப்பார், மார்ல சளி கட்டிண்டுடும்.”

“சரி.”

“பத்திரமா எடுத்துண்டு போ. யார் கையிலயும் குடுத்துடாதே.”

இவ்வளவுதான் அம்மா சொன்னது. பாசஞ்சர் ரயிலில் தூங்கி விழுந்து மூட்டையைப் பறிகொடுத்துவிடுவேன் என்ற பயத்தில் சொன்னாள். அது எனக்கு இப்போது தெரிகிறது.

3

திங்கட்கிழமை விடியற்காலை ரயிலில் சென்ட்ரல் போய், அங்கிருந்து இன்னொரு பாசஞ்சரில் கும்மிடிப்பூண்டி. பிறகு பஸ். ஒரு காலில் நின்றுகொண்டு வந்தேன். எளாவூர் செக்போஸ்டோடு பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். முன்னால் ரோட்டில் தண்ணீர். கொஞ்ச நேரத்தில் பின்னால் தரைப்பாலத்திலும் ஏறிவிட்டது என்று சேதி வந்தது. கல்கத்தா போகிற லாரிகள் வரிசையாக நின்றன. மணி ஒன்பது இருக்கும். வடக்கேயிருந்து அடித்த காற்று ஊசியாகக் குத்தியது. தார்ப்பாய் போட்ட டீக்கடை ஒன்றில் ஒதுங்கி, பெஞ்சில் உட்கார்ந்து, மூட்டையை மடியில் வைத்துக்கொண்டேன்.

அப்போது கிழக்கே மண்பாதையிலிருந்து ஒரு கட்டைவண்டி வந்தது. அதில் ஒரு ஆளைப் படுக்கவைத்து, பக்கத்தில் ஒரு பெண்பிள்ளை உட்கார்ந்திருந்தாள். பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்துக்காரர்கள். அவள் புருஷனின் படகு முதல்நாள் சாயங்காலம் கவிழ்ந்துவிட்டது. கும்மிடிப்பூண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வந்திருக்கிறார்கள். தரைப்பாலம் மூழ்கிவிட்டது என்றதும் வண்டிக்காரர் மாட்டை அவிழ்த்துவிட்டார். நாலு பேர் பிடித்து அந்த ஆளைக் கடைக்குள் இறக்கி, தரையில் கிடத்தினார்கள்.

முப்பது முப்பத்தைந்து வயது இருக்கும். இடுப்பில் நனைந்த துணி. உதடு கறுத்திருந்தது. அவர் நடுங்கியதை நடுக்கம் என்று சொல்வதா? பல்லும் முழங்காலும் தனித்தனியாக ஆடின. பக்கத்திலிருந்த பெஞ்சின் காலில் அவர் கை பட்டுப் பட்டு டம்ளர்கள் குலுங்கின.

“ராப்பூரா தண்ணிலயே கெடந்தாருப்பா” என்றாள் அந்தப் பெண், பொதுவாக எல்லாரையும் பார்த்து. “பலகைய புட்ச்சுக்கினு கெடந்தாரு. வெடியறப்பதான் ஆளுங்க பாத்து இட்டாந்தாங்க.”

டீக்கடைக்காரர் சூடாக டீ ஊற்றிக் கொடுத்தார். “தண்ணி வடியட்டும்மா. வடிஞ்சதும் மொத லாரில ஏத்தி உட்டுடறேன்.” லாரி டிரைவர் ஒருவர் ஓடிப்போய் இரண்டு சாக்கு எடுத்து வந்து போர்த்தினார். அதுவும் ஈரம். எல்லாமே ஈரமாக இருந்த நாள் அது. உலர்ந்தது அந்தக் கடையில் ஒன்றே ஒன்றுதான், என் மடியில் இருந்தது.

கட்டிய இடத்தில் கம்பளியின் கறுப்புக் கரை கொஞ்சம் பிதுங்கிக்கொண்டிருந்தது. டிரைவர்தான் பார்த்தார். ஆந்திரா பக்கத்து ஆள்.

“நைனா, அது இன்னா கம்பளியா? குடேன். ஆளு இந்த ஆட்டம் ஆடுறாரு.”

அந்தப் பெண் திரும்பினாள். அம்மாவுக்காக நான் இட்டிருந்த நாமத்தைப் பார்த்தாள், மூட்டையைப் பார்த்தாள்.

“சாமி, குடு சாமி. செத்த நேரம் போத்திக்கினு குடுத்துடறோம். மழ வுட்டதும் குடுத்துடறோம் சாமி.”

நான் சொன்னேன்: “இது கோயிலுக்குக் கொண்டு போறதும்மா. பெருமாள் காரியத்துக்கு உள்ளது. யாரும் தொடக்கூடாது.”

அந்த ஒரு வார்த்தை போதும். டிரைவர் பேச்சை நிறுத்திவிட்டார். டீக்கடைக்காரர் அடுப்பைப் பார்க்கத் திரும்பிவிட்டார். அந்தப் பெண் பதறிப்போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

“அய்யய்யோ, சாமி பொருளா? வேணாம் சாமி, வேணாம். தெரியாம கேட்டுட்டேன்.”

யாராவது ஒருவர் அப்போது என்னைத் திட்டியிருக்கலாம். மூட்டையைப் பிடுங்கியிருக்கலாம். நான் கொடுத்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். ஒருவரும் பிடுங்கவில்லை. எனக்கே ஒரு மாதிரி ஆகி, தோளில் கிடந்த துண்டை எடுத்து அவளிடம் எறிந்தேன். அதுவும் நனைந்ததுதான். அவள் அதைப் பிழிந்து புருஷன் மார்பில் போட்டு, மேலே தன் இரண்டு கையையும் வைத்து அமுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

அரைமணி, முக்கால்மணி போயிருக்கும். டம்ளர் குலுங்கும் சத்தம் நின்றது. கவனித்தால், அவர் நடுக்கம் நின்றிருந்தது.

“பாத்தியாமா, நின்னு பூச்சு” என்றார் டீக்கடைக்காரர். “டீ உள்ள போனதும் சூடு புட்ச்சுக்கிச்சு. இனிமே பயமில்ல.”

படுத்திருந்தவர் ஏதோ முனகினார். அவள் காதை வைத்துக் கேட்டாள். “புழுங்குது, எடுங்கறாரு” என்று சொல்லிச் சிரித்தாள். அவர் கை சாக்கைத் தள்ளியது. டிரைவரும் சிரித்தார். “இந்த மழைல உனக்கு மட்டும் புழுங்குதா நைனா!” எனக்கு நெஞ்சிலிருந்து பெரிய பாரம் இறங்கியது. பெருமாள் காப்பாற்றிவிட்டார், நம் மானத்தையும் சேர்த்து என்று நினைத்துக்கொண்டேன். ஒரு டீ வாங்கிக் குடித்தேன். நன்றாக இருந்தது அந்த டீ.

அவர் தூங்குகிறார் என்று யாரும் தொந்தரவு செய்யவில்லை. மத்தியானம் ரோட்டிலும் தரைப்பாலத்திலும் தண்ணீர் வடிந்தது. லாரியில் ஏற்றத் தோளைப் பிடித்துத் தூக்கப்போன டீக்கடைக்காரர், அப்படியே மெதுவாகத் திரும்பக் கீழே விட்டார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டார்.

4

கோயிலுக்கு இரண்டு மைல் நடந்து போனேன். அப்பா ஈர வேஷ்டியோடு மண்டபத்தில் நின்றுகொண்டிருந்தார்.

“ஏன்டா இவ்வளவு நாழி?”

நடந்ததைச் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. கடைசியில், பெரிய காரியத்தைச் சாதித்தவன் போல, “கம்பளியை யாரும் தொடலைப்பா. பத்திரமா கொண்டு வந்துட்டேன்” என்றும் சொன்னேன்.

அப்பா மூட்டையை வாங்கவில்லை.

“நீ எதுல வந்தே?”

“ரயில்ல. அப்புறம் பஸ்ஸுல.”

“கூட்டமா?”

“நிக்கக்கூட இடமில்லை.”

“மூட்டையை நாலு பேர் இடிச்சிருப்பாளே.”

“இடிச்சா.”

“விழுப்பு படற வஸ்துவா இருந்தா உங்கம்மா அதை உன் கையில குடுத்து அனுப்புவாளாடா? கம்பளிக்கு ஏதுடா விழுப்பு? யார் தொட்டாலும் அது மடிதான். அதனாலதானே அனுப்பினா!”

அந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவனுக்கு இது தெரியாமல் போயிற்று. பட்டுக்கும் கம்பளிக்கும் விழுப்பு கிடையாது என்பது எங்கள் தெருவில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. நான் இதையெல்லாம் காதில் போட்டுக்கொண்டதே இல்லை. எதைத் தொடக்கூடாது என்பது மட்டும் எப்படியோ ஒட்டிக்கொண்டது. எதற்கு அது பொருந்தாது என்பது ஒட்டவில்லை. அரைகுறை என்று நம் ஊரில் திட்டுவார்களே, அது நான்தான். அப்பா எளாவூரில் இருந்திருந்தால், அவர் பார்க்கும் அத்தனை ஆசாரத்தோடும், அந்தக் கம்பளியைப் பிரித்து அந்த ஆள் மேல் போட்டிருப்பார். தூர நின்று போட்டிருப்பாரோ என்னவோ, ஆனால் போட்டிருப்பார். பஸ் ஸ்டாண்டில் ஆம்லெட் தின்ற நான்தான் போடவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தெரியாமல் செய்தேன் என்று சொல்வதுகூட எனக்குச் சௌகரியமான பேச்சு. தெரியாது என்பது உண்மை. ஆனால் விழுப்புப் பட்டால்தான் என்ன, ஒரு உயிரைவிடவா? மடியை நம்பாதவன் எதற்காக மடியைச் சொன்னேன்? முடிச்சை அவிழ்க்கச் சோம்பலா, அந்த உடம்பின் சேறும் மீன்வாடையுமா, அம்மா கேட்டால் என்ன சொல்வது என்ற பயமா? ஒவ்வொரு வருஷமும் ஒவ்வொன்றாகத் தோன்றுகிறது. எதுவாக இருந்தாலும் கேவலம்தான்.

அப்பா மறுபடி கேட்டார்: “அவன் பேர் என்ன?”

“கேக்கலை.”

“எந்தக் குப்பம்?”

“அதுவும் கேக்கலை.” அவர் திட்டவில்லை. கம்பளியை வாங்கித் தூணுக்குப் பின்னால் ஒரு ஆணியில் மாட்டினார். மிச்சம் மூன்று நாளும் ஈர வேஷ்டியோடேயே நின்றார். அன்று சாயங்காலம் அவர் பற்கள் அடிப்பதைக் கேட்டு, “போத்திக்கோயேன்ப்பா” என்றேன். “எனக்குக் குளிரலை” என்றார்.

அதன் பிறகு அவர் அதைப் போர்த்திப் பார்த்ததில்லை. இரண்டு வருஷம் கழித்து நான் கனடா கிளம்பும்போது, அவரே கொண்டுவந்து என் பெட்டியில் வைத்தார். “உங்களுக்கு வேண்டாமா?” என்று அம்மா கேட்டாள். “இவனுக்குத்தான் வேணும்” என்றார். அது பிரியமா தண்டனையா என்று நான் கேட்கவில்லை. போன வருஷத்துக்கு முந்தின கார்த்திகையில் அப்பா போய்விட்டார். காய்ச்சல் என்று எழுதியிருந்தார்கள். கடிதம் என் கைக்கு வரும்போது பத்து நாள் காரியம் முடிந்திருந்தது. ஈரத்தோடு நின்றாரா என்று நான் கேட்டு எழுதவில்லை. அம்மாவும் எழுதவில்லை.

5

வால்டரின் பாடம் நடந்த அன்று வீட்டுக்கு வந்து, டிக்கியிலிருந்து கம்பளியை எடுத்து உதறி மடித்தேன். அதை அந்தப் பெண்ணுக்கு அனுப்பிவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். அனுப்பி என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. கம்பளி கொடுத்திருந்தால் அவர் பிழைத்திருப்பாரா என்பதே எனக்குத் தெரியாது. தண்ணீர் குடித்திருப்பார், நெஞ்சில் வேறு ஏதாவது இருந்திருக்கும் என்றெல்லாம் ஏழெட்டு வருஷமாக எனக்கு நானே சொல்லி வந்தேன். நம் ஊரில் யாராவது குளிரில் சாவார்களா என்று நீங்களும் கேட்பீர்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு தூங்கினேன். “நடுக்கம் நின்றால்தான் பயம்” என்று வால்டர் சொன்ன பிறகு அந்தத் தூக்கமும் போயிற்று. நான் டீ குடித்த நேரம் எது என்று இப்போது எனக்குத் தெரியும்.

என் மகள் வைதேகிக்கு ஆறு வயது. பள்ளிக்கூடத்தில் அவள் பெயர் வெறும் ‘வை’. வீட்டிலும் அப்படிக் கூப்பிட்டால்தான் திரும்புகிறாள். நான் கம்பளியைத் தாளில் சுற்றுவதைப் பார்த்து, இது எங்கே போகிறது என்று இங்கிலீஷில் கேட்டாள். நான் தமிழில், ஊருக்கு என்றேன்.

“இந்தியாவுக்கா? அங்கேதான் எப்போதும் வெயில் ஆயிற்றே அப்பா. அங்கே எதற்குப் போர்வை?” இதையும் இங்கிலீஷில்தான் கேட்டாள்.

அவளுக்கு எளாவூரை எந்தப் பாஷையில் சொல்வேன்? மடி என்பதற்கே ஒரு மணி நேரம் ஆகும். சொல்லி முடித்தால், “ஆனால் நீ ஏன் கொடுக்கவில்லை?” என்றுதான் கேட்பாள். அதை மட்டும் எந்தப் பாஷையிலும் சுலபமாகக் கேட்டுவிடலாம். “அது நம்முடையது இல்லை, கொடுத்துவிட வேண்டும்” என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

தபால் ஆபீசில் ஒரு படிவம் கொடுத்தார்கள். பெறுபவர் பெயர், முகவரி, அனுப்புபவருக்கும் பெறுபவருக்கும் உறவு, பொருள் புதியதா பழையதா. முதல் கட்டத்திலேயே பேனா நின்றுவிட்டது. கூண்டுக்குப் பின்னால் இருந்த வயதான மனிதர் நல்லவர், பொறுமையாகக் கேட்டார்.

“யாருக்கு அனுப்புகிறாய்?”

“ஒரு பெண்மணிக்கு.”

“பெயர்?”

“தெரியாது.”

“ஊர்?”

“ஏரிக்கரை.”

அவர் மூக்குக்கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். பிறகு, எனக்கு உதவுவதாக நினைத்து, பழைய கம்பளியை வெளிநாட்டுக்கு அனுப்புவதென்றால் அது சுத்தமானது என்று யாராவது எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கலாம், சலவைக் கடையில் கேட்டுப்பார் என்றார்.

“இது எப்போதும் சுத்தம்தான்” என்றேன்.

டிக்கியில் கிடந்த கம்பளி. ஒரு மூலையில் மசகெண்ணெய்க் கறை இருந்தது. அவர் அதை விரலால் தொட்டுக் காட்டினார். கம்பளிக்கு விழுப்பில்லை, யார் தொட்டாலும் அது மடிதான் என்பதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது? அதைச் சொல்ல நான் யார்? மூட்டையை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டேன்.

திருவள்ளூரில் இருக்கும் தம்பிக்கு எழுதினேன். எளாவூருக்கு ஒரு நடை போய், டீக்கடையில் விசாரித்து, அந்தப் பெண்ணின் பெயரையும் குப்பத்தையும் கண்டுபிடித்து எழுது என்று. போன வாரம் பதில் வந்தது. போனானாம். அந்த இடத்தில் டீக்கடை இல்லையாம். ரோட்டை அகலப்படுத்தி, லாரிகள் நிற்க இடம் பண்ணியிருக்கிறார்களாம். கிழக்கே இரண்டு குப்பத்துக்குப் போய்க் கேட்டானாம். “புயலில் போன ஆள் என்றால் யாரைச் சொல்ற சாமி, அதுமாரி வூட்டுக்கு வூடு கீதே என்கிறார்கள். பெயர் இல்லாமல் எப்படித் தேடுவது? பெயரை எழுதவும்” என்று முடித்திருக்கிறான்.

கம்பளி திரும்ப டிக்கிக்கே போய்விட்டது. நேற்று வால்டர் மறுபடி வந்து பார்த்து, டிக் போட்டுவிட்டுப் போனார்.

6

ஒன்றை மட்டும் அப்பாவிடம் சொல்லவில்லை. மேலே, ஒன்றையும் மறைக்கவில்லை என்று எழுதியது பொய். என் மனைவிக்கும் அது தெரியாது.

அன்று மத்தியானம், லாரிக்கு வேலையில்லாமல் போய்விட்டது. வண்டிக்காரர் மாட்டைப் பூட்டினார். இறந்தவரை மறுபடி அதே கட்டைவண்டியில் ஏற்றினார்கள். டிரைவர் தன் சாக்குகளைத் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை. அந்தப் பெண் அழவே இல்லை. ஏறப்போனவள், எதையோ மறந்தவள் போலத் திரும்பிக் குனிந்து, புருஷன் மார்பில் கிடந்த என் துண்டை எடுத்தாள். ரோட்டோரம் ஓடிய மழைத் தண்ணீருக்குப் போனாள். உட்கார்ந்து, அவசரப்படாமல் இரண்டு தரம் அலசினாள். பிழிந்தாள். பிறகு இரண்டு விரலால் ஒரு மூலையைப் பிடித்து, தன் புடவையில் படாமல் கையை நீட்டித் தூக்கிக்கொண்டு கடைக்குள் வந்தாள்.

நான் மடியில் மூட்டையோடு அதே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தேன். அவள் துண்டைப் பெஞ்சின் அந்தக் கோடியில் வைத்துவிட்டு, இரண்டு அடி பின்னால் போய் நின்றாள்.

“அலசிட்டேன் சாமி. ஓரத்ததான் புட்ச்சுக்கினு வந்தேன். மேல படல.”